கால் ஊன்றாமல்

எங்க அப்பா இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல் சைக்கிள் வைத்திருந்தார். ஆனால் ஒரு நாளும் வீட்டிலிருந்து வேலை செய்கிற இடம்வரை முழுசாகச் சைக்கிளில் உட்கார்ந்து போனதில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் எங்க ஊர். காலனியிலிருந்து கன்னடியன் கால்வாய்க் கரையோடு வந்து, பிள்ளையார் கோயிலை ஒட்டி இடது பக்கம் திரும்பினால் ஊர்த்தெரு. அதைத் தாண்டினால்தான் பஸ் போகிற ரோடு. திருப்பம் வந்ததும் அப்பாவின் இடது கால் தானாகக் கீழே போகும். இறங்குவார். தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடப்பார். ரோட்டுக்கு வந்த பிறகு மறுபடி ஏறுவார். முன்னால் பாரில் உட்கார்ந்திருக்கிற நானும் இறங்கி ஏறுவேன். சைக்கிள் என்றாலே நடுவில் ஒரு தடவை இறங்கி நடக்கிற சாமான் என்றுதான் சின்ன வயசில் நினைத்திருந்தேன்.

1985இல் எனக்குப் பதினாலு வயசு. ஒரு சாயங்காலம் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். மாத்திரை வாங்க அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவசரத்தில் திருப்பத்தில் இறங்க மறந்துபோனேன். பாதித் தெரு போன பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் ஒருத்தர் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். அடிக்கவில்லை. ரெண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, "இனி தள்ளிக்கிட்டுப் போறதுக்கு லேசா இருக்கும்லா, போல" என்றார். திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது. அப்பா கன்னத்தில் ஓங்கி ஒண்ணு விட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அந்த அடி யார் மேல் விழுந்தது என்று எனக்கு விளங்க ரொம்ப வருசம் ஆச்சு.

1998இல் எனக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. ஆற்றங்கரையோரம் பதினாலு ஊர்க் காலனிகளில் இரவுப் பாடசாலை நடத்த வேண்டும். வண்டி அவர்கள் தருவார்கள், லைசென்ஸ் நான் காட்ட வேண்டும். பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டப் போக முடியும். அந்த எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூணு தடவை தவறினால் அறுபது நாள் காத்திருக்கணும். சட்டம் 1988இல் வந்தது. அறுபது நாளெல்லாம் எனக்காக வேலை காத்திருக்காது.

டெஸ்ட் என்பது பார்க்கப்போனால் சின்ன விசயம். தரையில் எட்டுப் போல ஒரு பாதை. அதில் வண்டியை ஓட்டிக் காட்டணும். கோட்டைத் தாண்டக் கூடாது, வண்டி அணையக் கூடாது, கால் தரையில் படக் கூடாது. பட்டால் பெயில். கை சிக்னல் கேட்பார்கள், போர்டில் இருக்கிற குறிகளைக் கேட்பார்கள். அதெல்லாம் படித்துச் சொல்லிவிடலாம். எட்டைப் படிக்க முடியாது.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது சித்தப்பா. லாரியில் கிளீனராகப் போய், வண்டி கழுவி, ஜாக்கி போட்டு, பஞ்சர் பார்த்து, டிரைவர் தூங்குகிற நேரத்தில் ஸ்டியரிங் பிடித்துப் பழகி டிரைவர் ஆனவர். பங்குனியில் பிசான அறுப்பு முடிந்து களம் காலியாகக் கிடந்தது. அடுப்புச் சாம்பலைக் கொட்டிக் களத்தில் எட்டுப் போட்டார். தெரிந்த ஒருவரின் பழைய எம்80 வண்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் வாங்கி வந்தார். அதில் கிளட்ச்சும் கியரும் இடது கையில். பின் பிரேக் வலது காலில். இடது காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா இருக்கிற அந்தக் கால்தான் என்னைப் படுத்தியது.

"முன் வீலைப் பாக்காதல. ஒங்கண்ணு எங்க போவுதோ அங்கதான் வண்டி போவும். அடுத்த வளைவைப் பாரு. கிளட்ச்சைப் பாதி விடு. முன் பிரேக்கைத் தொட்டுராத, சாய்ச்சிரும். பைய போ, ஆனா நின்னுராத."

சொன்னதெல்லாம் செய்தேன். வலது வளையம் சுத்தமாக வந்தது. இடது வளையத்துக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் இடது கால் கீழே போய்விடும். வண்டி சாயக்கூட இல்லை, சும்மாவே போகும். முதல் டெஸ்ட்டில் அப்படித்தான் போச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அடுத்த ஆள்" என்றார். பத்து நாள் கழித்து ரெண்டாவது தடவை. அதே வளையம், அதே கால். எனக்குப் பின்னால் வந்த பத்தொன்பது வயசுப் பையன் ஒற்றைக் கையில் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே எட்டுப் போட்டுவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு களத்தில் சித்தப்பாவுக்குக் கோவம் வந்துவிட்டது. "ஏல, அங்ஙன போனா மட்டும் ஒனக்கு என்னல வருது? வண்டி நேராத்தான நிக்கி?" எனக்குப் பதில் தெரியவில்லை. களத்து ஓரம் பொங்கம் மர நிழலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் சுளகை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அது பிள்ளையார் கோயில் திருப்பம்லா. அவங்க அப்பா அங்ஙனதான எறங்குவாவ."

யாரும் ஒண்ணும் பேசவில்லை. சாம்பலில் போட்ட அந்த எட்டைப் பார்த்தேன். கால்வாய்க் கரை மாதிரி ஒரு நேர்வாக்கு, அப்புறம் இடது பக்கம் திருப்பம். நான் பி.ஏ. படித்தவன். அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டத்தில் மேடையேறிப் பேசினவன். தீண்டாமை குற்றம் என்று சட்டப் பிரிவோடு சொல்லத் தெரிந்தவன். ஆனால் என் இடது கால் மட்டும் இன்னும் அந்தத் தெருவுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொண்டிருந்தது. அதுக்கு நான் படித்தது தெரியாது.

சித்தப்பா பீடியை அணைத்தார். "எட்டு இங்க இல்லல. அங்ஙன கெடக்கு. ஏறு."

வாசிக்கிறவர்கள் அந்த வருசங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1995இல் தென்மாவட்டங்களில் கலவரம். ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் அரசு ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினது, உயிர்ப்பலியில் போய் நின்றது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. எங்கள் திருநெல்வேலி பஸ்களில் கட்டபொம்மன் பெயரும் அழிந்தது. எங்க ஆள் ஒருவர் பெயரைச் சுமப்பதைவிட ஒருத்தர் பெயரும் இல்லாமல் ஓடுவதே மேல் என்று பஸ்ஸுக்கு முடிவானது. அதற்கு அடுத்த வருசம் அது. ஒரு எம்80, ரெண்டு பேர், ஊர்த்தெரு.

கால்வாய்க் கரையில் நான் ஓட்டினேன், சித்தப்பா பின்னால். கோயில் தெரிந்ததும் தொடை நடுங்கியது. கால் கீழே போகப் பார்த்தது. சித்தப்பா தன் கையால் என் இடது முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "கண்ணைத் தெருக் கடைசியில வையி." திரும்பினேன். திண்ணைகளில் ஆட்கள் இருந்தார்கள். பேச்சு நின்றது. "யாருல அது?" என்று ஒரு குரல். தெருக் கடைசியில் ரோட்டில் ஒரு பஸ் போனது தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன். ரோட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு வாந்தியெடுத்தேன். வீரம் என்று சொல்ல அதில் ஒண்ணும் இல்லை.

சாயங்காலம் ஊரிலிருந்து ரெண்டு பேர் காலனிக்கு வந்து எங்கள் பெரியவர்களிடம் பேசிவிட்டுப் போனார்கள். ராத்திரி எங்களுக்குள்ளேயே சண்டை. "ஒரு லைசென்ஸுக்காகக் காலனியக் கொளுத்த விடுவியளா?" என்று கேட்டவர்களும் எங்க ஆட்கள்தான். அவர்களைக் கோழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அறுப்பு வேலை யார் வயலில் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாள் விடியுமுன் நான் வண்டியை எடுத்தபோது தடுக்கவும் இல்லை. அந்த வாரம் மூணு தடவை அந்தத் திருப்பத்தைத் திரும்பினேன். மூணாவது தடவை என் முட்டியை யாரும் பிடிக்கவில்லை.

மூணாவது டெஸ்ட்டில் எட்டு முடித்து, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தித்தான் காலை ஊன்றினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது அன்றைக்கு வந்த பல எட்டுகளில் ஒரு எட்டு.

இரவுப் பாடசாலைக் காலத்தில்தான் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' கட்டுரையைப் படித்தேன். 1901இல் சின்னப் பையனாக அவர் அண்ணன், அக்கா பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால், மஹர் பிள்ளைகள் என்று தெரிந்து ஒரு வண்டிக்காரனும் வரமாட்டேன் என்கிறான். கடைசியில் ரெட்டைக் கூலி பேசி ஒருத்தன் ஒத்துக்கொள்கிறான். வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவன் கூட நடந்து வருவான். 1929இல் சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரன் அவரை ஏற்றி ஓட்ட மறுக்க, சேரிக்காரர் ஒருவரே வண்டியைப் பிடித்தார். ஓட்டிப் பழக்கமில்லாதவர். பாலத்தில் வண்டி சாய்ந்து அம்பேத்கர் கால் முறிந்தது. அவர் வண்டியில் வராமல் நடந்து வரக்கூடாது என்று அந்த மக்கள் நினைத்தார்களாம். அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓட்டத் தெரியாதது அந்த மனுசனின் குற்றமா? கடிவாளம் அவன் கைக்கு எப்போது வந்தது?

லைசென்ஸ் வந்த அன்று அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். கோயில் திருப்பத்தில் தோளைத் தட்டினார். "நிறுத்துல." நிறுத்தினேன். இறங்கினார். துண்டை இடுப்பில் கட்டினார். "நீ போ. நான் நடந்து வாரேன்." எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. நான் இறங்கித் தள்ளப்போனேன். "நீ எறங்காத" என்று அதட்டினார். தெரு முழுக்க அவர் நடந்தார். நான் வண்டியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனேன். ரோட்டுக்கு வந்து ஏறிக்கொண்டு சொன்னார்: "கால் கீழ படலல்லா. அது போதும்." சாகிறவரை அந்தத் தெருவில் அவர் வண்டியில் உட்கார்ந்ததில்லை.

1999 ஜூலை 23இல் கொக்கிரகுளத்தில், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. பதினேழு பேர் செத்தார்கள். அன்றைக்கு ராத்திரி, போனவர்கள் வீடு வந்தார்களா என்று காலனி காலனியாக விசாரித்துக்கொண்டு அந்த வண்டியில்தான் அலைந்தேன். ரெண்டு சக்கரம் எதுக்குத் தேவைப்படும் என்று எந்த டெஸ்ட்டிலும் கேட்பதில்லை.

இப்போது என் மகள் எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறாள். களம் சிமெண்டுத் தளமாகிவிட்டது. கோலப்பொடியில் எட்டுப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டாம் நாளே கால் ஊன்றாமல் சுற்றினாள். "இதுக்கா மூணு தடவ போனிய? ரொம்ப ஈசிப்பா" என்றாள். எங்க ஊர்த்தெருவில் இன்றைக்கு யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டினதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். காலை ஊன்று என்று சொன்னது போய், கைப்பிடியைப் பிடித்த கையையே வெட்டுகிற இடத்துக்கு வந்து நிற்கிறது.

மகளிடம் பிள்ளையார் கோயில் திருப்பத்தைப் பற்றி நான் சொன்னதில்லை. சொன்னால் அவள் காலுக்கும் அது தெரிந்துவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால், நாளைக்கு ஒருத்தன் ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது ஏன் பிடிக்கிறான் என்று தெரியாமல் முழிப்பாளோ என்றும் பயம். அடுத்த வாரம் அவளுக்கு டெஸ்ட். அது முடியட்டும், இந்தக் கட்டுரையை அவள் கையில் கொடுக்கிறேன். படித்துவிட்டு அவளே வண்டியை எடுக்கட்டும், நான் பின்னால் உட்காருகிறேன். அந்தத் திருப்பத்தை ரெண்டு பேரும் சேர்ந்து திரும்புவோம்.