கடதாசி ரொக்கட்

அறுபது வயதைத் தாண்டிய உம்மும்மாவுக்கு ரொக்கட்டோடு என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம், சகோதரிகளே. சிரித்துக்கொண்டே வாசியுங்கள்.

சென்ற ஆண்டு ஆறு மாதம் அமெரிக்காவின் மேரிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். பாடசாலை விட்டு வரும் பதினொரு வயதுப் பேரனுக்கும் எனக்கும் இடையில் பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவனுடைய தமிழ் 'சாப்பாடு', 'போதும்' என்பதோடு முடிந்துவிடும். என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒருநாள், ரொக்கட் செய்யும் பெட்டி வேண்டுமென்று படங்களைக் காட்டினான். அவன் விரல் வைத்தது 'பேட்ரியட்' ஏவுகணையின் மாதிரியில். எனக்கு நெஞ்சு திக்கென்றது. மேலே ஹெலிகொப்டரும் எங்கிருந்தோ வரும் ஷெல்லுமாக வாழ்ந்து, 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிள்ளை வளர்த்தவள் நான். "அது வேணாம் வாப்பா" என்றேன். காரணம் சொல்ல எனக்கு மொழி இல்லை. முகம் வாடியவன், பிறகு வேறொன்றைக் காட்டினான். அதன் பெயர் 'நைக் ஸ்மோக்'.

இரவு மகள் வாசித்து விளக்கினாள். 1960களில் நாஸா ஏவிய ஆராய்ச்சி ரொக்கட்டாம். அதன் மூக்கில் புகை தரும் இரசாயனத்தை ஏற்றி அனுப்புவார்கள். அது வானத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். மேற்காற்று அந்தக் கோட்டை எப்படி வளைக்கிறது என்று படம் பிடித்துக் காற்றின் வேகத்தைக் கணிப்பார்கள். காற்றைக் கண்ணால் பார்க்க ஒரு ரொக்கட்! எனக்குப் பிடித்துக்கொண்டது.

பெட்டியைத் திறந்தால் கடதாசிக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பல்ஸாப் பலகை, ரப்பர் நாடா, ஒரு பரசூட். இதை அரை மாதிரி என்பார்கள். தூரத்தில் பார்த்தால் அசல். கிட்டப் போய் அளந்தால் கணக்கு ஒத்துவராது. அசல் நைக்கின் செட்டைகள் ஆப்புப் போல் தடித்தவை. நம்முடையவை தட்டைப் பலகை. செய்வதும் சுலபம், பறப்பதும் நன்றாகப் பறக்கும்.

தையல் தெரிந்த நமக்கு இது புதிய வேலையே அல்ல. துணியில் இழை பார்ப்பதுபோல் பலகையில் நார் பார்க்க வேண்டும். நார் செட்டையின் முன்விளிம்போடு ஓடாவிட்டால் முறிந்துவிடும். மண்கடதாசியால் தேய்த்து, பசை பூசி, காயும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கத்தான் பேரனுக்குத் தெரியாது. மூன்று செட்டைகளை அவன் ஒட்டினான், நான்காவதை நான். பரசூட் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதில் பேபி பவுடர் பூசினோம். அவன் என் மூக்கிலும் கொஞ்சம் பூசினான்.

பாதி வேலையில் மகள் இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். நைக் என்ற இந்தக் கீழ்ப்பகுதி, முதலில் விமானத்தை வீழ்த்தும் ஏவுகணையைத் தூக்கச் செய்யப்பட்டதாம். இரண்டு நாள் நான் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. "உம்மும்மா கோபமா?" என்று அவன் மகளிடம் கேட்டிருக்கிறான்.

மனதை மாற்றியது தும்பா. 1963 நவம்பர் 21ஆம் திகதி கேரளக் கடற்கரையில் முதலாவதாக ஏவப்பட்ட நைக் அப்பாச்சி ரொக்கட்டின் அடியில் இருந்ததும் இதே நைக்தான். அது சோடியம் ஆவியை விட்டுக் காற்றைத்தான் அளந்தது. அங்கே வேலை செய்த இளம் பொறியியலாளர்களில் ஒருவர், நம் மன்னாருக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்து அப்துல் கலாம். அவர் அமெரிக்காவில் வொலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, அங்கே சுவரில் திப்பு சுல்தானின் படை ரொக்கட் ஏவும் ஓவியத்தைக் கண்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். திப்புவின் ரொக்கட்டுகளுக்குப் பலமே இரும்புக் குழாய். பிள்ளைகளின் ரொக்கட்டிலோ இரும்புக் குழாய் கூடவே கூடாது! 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கச் சிறுவர்கள் உலோகக் குழாயில் தாங்களே மருந்து அடைத்துக் காயப்பட்டார்கள். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓவில் கார்லைல் என்பவர் 1954இலேயே கடதாசியாலும் பலகையாலும் பாதுகாப்பான ரொக்கட் செய்திருந்தார். இன்றைய பெட்டிகள் அந்த வழியில் வந்தவை. மருந்தைப் பிள்ளை தொடுவதில்லை. அடைத்த சிறு உருளையாகவே கடையில் கிடைக்கும். வீட்டில் மருந்து கலக்க எந்தப் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு ஞாயிறு, சோளம் அறுத்த வயலுக்கு எல்லோரும் போனோம். காற்று இலேசாக இருந்தது. இரும்புக் கம்பியில் ரொக்கட்டை ஏற்றி, ஐந்து மீற்றர் தள்ளி நின்றோம். தீக்குச்சி இல்லை, பற்றரியும் ஒரு பொத்தானும்தான். அவன் அதை என் கையில் வைத்தான். "நீங்க அமத்துங்க."

ஐந்து, நான்கு, மூன்று... அமத்தினேன். 'ஸ்ஸ்ஸ்' என்றது. அவ்வளவுதான்! என் பக்கச் செட்டை சற்றுக் கோணலாக ஒட்டியிருக்க வேண்டும், பம்பரம் போல் சுழன்றுகொண்டே ஏறியது. ஏழெட்டுத் தென்னையை ஒன்றின்மேல் ஒன்று வைத்த உயரம் இருக்கும். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேலே 'டப்' என்று ஒரு சத்தம்.

பரசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடி அது. எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் என் முழங்கால் தானாக மடிந்துவிட்டது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சோளக் கட்டைகளுக்கு நடுவே இருந்துவிட்டேன்.

பரசூட் காற்றில் மிதந்து வயல் எல்லையைத் தாண்டிப் போனது. மருமகன் அதன் பின்னால் ஓடினார். மூன்று கிழமை அதற்காக உறங்காத பேரன் ஓடவில்லை. என் பக்கத்தில் வந்து குந்தினான். "வை?" என்றான். அந்த வயலில் வைத்துத்தான், பாதித் தமிழிலும் பாதிச் சைகையிலும், யாழ்ப்பாணத்து வீட்டையும் பதுங்குகுழியையும் அவனுக்குச் சொன்னேன். விளங்காத இடங்களை மகள் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. அவளும் சில விஷயங்களை முதன்முறையாகக் கேட்டாள்.

ரொக்கட் கிடைத்தது. ஒரு செட்டை மட்டும் உடைந்திருந்தது. "உம்மும்மாட செட்டை" என்றான். அது கோணல் என்று அவனுக்கு முதலிலேயே தெரியுமாம்; நான் ஒட்டியது என்பதால் சொல்லவில்லையாம்.

அடுத்த கிழமை பரசூட்டின் நடுவில் ஒரு வட்ட ஓட்டை வெட்டினோம். அப்படிச் செய்தால் காற்று அதிக தூரம் இழுக்காது. புதுச் செட்டையையும் என்னைக் கொண்டே ஒட்டுவித்தான். இந்த முறையும் கோணல்தான்.