குயிலுக்கு யார் சொன்னது?

'பிராங்கன்ஸ்டைன்' நாவலின் முதல் பக்கங்கள் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். பூதம் எங்கேப்பா என்று தேடினால், வால்டன் என்றொருவன் வடதுருவப் பயணத்திலிருந்து தன் சகோதரிக்குக் கடிதம் எழுதிக்கிட்டிருப்பான். அந்தக் கடிதத்துக்குள் விக்டர் கதை சொல்வான். விக்டர் கதைக்குள் அவன் உண்டாக்கிய பூதம் கதை சொல்லும். அதற்குள்ளே ஒரு குடிசைக் குடும்பத்தின் கதை. நம்ம லேபில் படிச்ச ஸ்டேக் மாதிரி, கடைசியாகத் திறந்தது முதலில் மூடும்.

1818-ல் மேரி ஷெல்லி வெளியிட்ட இந்த நாவலில் எனக்குப் பிடிச்சது அடுக்கு மட்டுமில்ல, யாரை நம்புறது என்கிற கேள்வியும்தான். வால்டன் எழுதிவைத்த குறிப்புகளை விக்டரே வாங்கித் திருத்துகிறான். பூதம் நல்லாப் பேசும், மயங்கிடாதே என்று எச்சரிக்கவும் செய்கிறான். பூதமும் சும்மா இல்லை. குடிசைக்காரர்கள் கதைக்குச் சாட்சியாகக் கடித நகல்களைக் கொடுத்திருக்கிறது. அவை வால்டன் கண் வரைக்கும் வந்து சேர்கின்றன.

இந்த அடுக்கு வேலையை நம்ம ஊரிலேயே ஒருத்தர் செய்திருக்கிறார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி. 'குயில் பாட்டு' நடப்பதே புதுவைக்குப் பக்கத்து மாந்தோப்பில்தான். (கருவடிக்குப்பம் பக்கம் இன்னைக்கும் குயில் தோப்பு என்று காட்டுவார்கள்.)

குயிலைக் காதலிக்கிற கவிஞன், அது ஒரு குரங்கிடம் காதல் பேசுவதைப் பார்க்கிறான். பிறகு ஒரு மாட்டிடம். கோபமாக நிற்பவனுக்குக் குயில் விளக்கம் சொல்கிறது: போன ஜென்மத்தில் நான் வேடர் குலப் பெண், நீ சேர இளவரசன், என்மேல் ஆசைப்பட்ட மாடனும் குரங்கனும் உன்னை வெட்டினார்கள், இப்போ பேயாக வந்து மாயம் காட்டுகிறார்கள். சரி, உனக்கு யார் சொன்னது? ஒரு முனிவர். அவரை நாம் போய்க் கேட்க முடியாது. கடித நகலும் கிடையாது.

எனக்கு இது வெறும் இலக்கிய ஆராய்ச்சி இல்ல. போன செமஸ்டர், என் ரூம்மேட் இன்டர்னல் கேள்வித்தாளை முன்னாடியே வாங்கிட்டான்னு ஒரு பேச்சு கிளம்பியது. ஒவ்வொருத்தனாக் கேட்டுக்கிட்டே போனேன். "வாங்கினானாம்." "சீனியர் சொன்னாராம்." தமிழில் அந்த ஒரு 'ஆம்' போதும், சொல்றவன் கை கழுவிக்கலாம். அந்தச் சங்கிலியின் மறுமுனையில் யாருமே இல்லை. ஒரு மாசம் அவன் மெஸ்ஸுக்கு வரலை, பார்சல்தான்.

குயில் கேஸ் இதுக்குத் தலைகீழ். அங்கே குற்றத்தைக் கவிஞன் கண்ணால் பார்த்திருக்கிறான். விடுதலைக்குத்தான் 'ஆம்'.

ஆனால் பாட்டு அதோடு முடியவில்லை. குயில் பெண்ணாகி, மறைந்து, கவிஞன் விழித்துப் பார்த்தால் பழைய சுவடிகளும் எழுதுகோலும் பத்திரிகைகளும் கிடக்கிற தன் வீடு. அத்தனையும் கனவு.

"கண்ணால பார்த்தேன்னு சொன்ன சாட்சியே கனவுல இருந்திருக்கான். அப்புறம் குயிலை என்னடா கேள்வி கேக்குறது?" என்கிறான் ரூம்மேட். நான் இன்னும் அந்த முனிவரைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.