கேமரா வாங்கப் போறீங்களா? முதல்ல நோயைச் சொல்லுங்க, அப்புறம் மருந்து

சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூணுக்கும் இன்னைக்கு லீவு. இது கேமரா பற்றிய த்ரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கழுத்தில் ஸ்டெத்துக்குப் பதில் கேமரா தொங்கும். அது ஊருக்குத் தெரிந்ததிலிருந்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்து "சார், பையன் கேமரா கேக்குறான், எது வாங்கலாம்?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம் சொன்னால் வெளியே க்யூவில் இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

"எந்த கேமரா நல்ல கேமரா?" என்று கேட்பது "எந்த மாத்திரை நல்ல மாத்திரை?" என்று கேட்பது மாதிரி. யாருக்கு, எதுக்கு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. எனவே முதல் கேள்வி: நீங்கள் எதை எடுக்கப் போறீங்க?

பகல் வெளிச்சத்தில் டூர் போட்டோ, சாப்பாடு, கோயில் கோபுரம், எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத்தான் என்றால் கையில் இருக்கும் போனே போதும். உண்மையாகச் சொல்கிறேன். அந்தப் பணத்தில் வீட்டில் எல்லாருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் போடுங்க.

போன் திணறும் இடங்கள் நாலு. ஒன்று, வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்தில் ஓடும் குழந்தை. இரண்டு, தூரத்தில் இருக்கும் பறவை. மூன்று, மேடையில் ஆடும் மகளை எட்டாவது வரிசையிலிருந்து எடுப்பது. நாலு, பெரிதாக பிரிண்ட் போட்டு சுவரில் மாட்ட ஒரு படம். இந்த நாலில் ஏதாவது ஒன்று உங்கள் ஆசை என்றால் கேமரா நியாயமான செலவு. மேலே படியுங்க.

கேமராவைப் புரிந்துகொள்ள உங்கள் கண்ணே போதும். கண்ணில் பாப்பா வெயிலில் சுமார் 2 மி.மீ. ஆகச் சுருங்கும். இருட்டில் இளவயசுக்காரர்களுக்கு 7, 8 மி.மீ. வரை விரியும். கேமராவில் இதுதான் அபெர்ச்சர். பின்னால் இருக்கும் விழித்திரைதான் சென்சார். இமையைத் திறந்து மூடுவதை ஷட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க.

ஒரே ஒரு குழப்பம்: எஃப் எண் குறையக் குறைய ஓட்டை பெரிசு. எஃப்/1.8 பெரிய ஓட்டை, எஃப்/5.6 சின்ன ஓட்டை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்து சென்சார் அளவு. ஃபுல் ஃபிரேம் என்பது 36 x 24 மி.மீ. பழைய ஃபிலிம் ரோலின் ஒரு கட்டம் அளவு. ஏபிஎஸ்-சி என்பது ஏறக்குறைய 23.5 x 15.6 மி.மீ. கேனானில் இன்னும் கொஞ்சம் சின்னது. பெரும்பாலான போன்களின் சென்சாரைவிட ஏபிஎஸ்-சி பரப்பளவில் பல மடங்கு பெரிசு. ஆரம்பக்காரர்களுக்கு அது தாராளம். ஃபுல் ஃபிரேமில் பாடி மட்டுமல்ல, லென்ஸும் விலை, எடை ரெண்டிலும் எகிறும். கல்யாண ஆர்டர் எடுக்கும் தொழில்காரர்களுக்கு அது முதலீடு. நமக்கு அது கழுத்து வலி.

மெகாபிக்ஸலை வைத்து கேமரா வாங்காதீங்க. 24 மெகாபிக்ஸல் படத்தை ஒரு நாளிதழ் பக்க அளவுக்கு பிரிண்ட் போட்டாலும் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் ஏறும் எண்கள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் விற்பவருக்குத்தான் லாபம்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா? புதுசாக வாங்குவதென்றால் மிரர்லெஸ். கம்பெனிகளின் புது பாடி, புது லென்ஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான் வருகின்றன. கேனான் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400, வீடியோதான் முக்கியம் என்றால் சோனி இசட்வி-இ10. இவற்றில் எதுவும் சோடை போகாது. கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இவற்றில் இருக்கிறது. குழந்தைகளை எடுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

கை இறுக்கம் என்றால் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் வாங்கலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேனான் 200டி, நிக்கான் டி3500, டி5600 போன்றவை இன்றைக்கும் அருமையான படம் தரும். கேனான் ஈஎஃப் லென்ஸ்கள் 1987-லிருந்து வருகின்றன. நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-லிருந்து இருக்கிறது. பழைய லென்ஸ் மார்க்கெட் ஒரு கடல்.

அந்தக் கடலில் ஒரு சுழல் உண்டு. நிக்கான் டி3500, டி5600 வகை கேமராக்களின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸிலேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகளில்தான் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் திருகணும். லென்ஸ் மேலே எழுதியிருக்கும் எழுத்துகளைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்க.

செகண்ட் ஹேண்ட் கேமராவுக்கு மாஸ்டர் செக்கப் மாதிரி ஒரு லிஸ்ட்:

லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்க. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் அது ஃபங்கஸ். வேண்டாம், வந்துடுங்க. கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை.

எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரையோ வெளிர் வானத்தையோ ஒரு படம் எடுங்க. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. துடைத்தால் போய்விடும் என்றால் பேரம் பேசுங்க. கீறல் என்றால் விடுங்க.

ஷட்டர் கவுன்ட் கேளுங்க. இது வண்டிக்கு கிலோமீட்டர் மாதிரி. ஆரம்ப நிலை பாடிகளின் ஷட்டரை ஏறக்குறைய ஒரு லட்சம் கிளிக் என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். முப்பதாயிரம் ஓடியது நல்ல வண்டி.

பில் இருக்கா, சீரியல் நம்பர் ஒத்துப்போகுதா என்று பாருங்க. பில் இல்லாத கேமரா யாரோ ஒருவரின் திருட்டுப் போன பொருளாக இருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். மொத்த பட்ஜெட்டைப் பத்துப் பங்காகப் பிரியுங்க. கிட் லென்ஸோடு பாடிக்கு ஆறு பங்கு. இன்னொரு லென்ஸுக்கு மூணு பங்கு. மெமரி கார்டு, பை, எக்ஸ்ட்ரா பேட்டரிக்கு ஒரு பங்கு. பத்து பங்கையும் பாடியிலேயே கொட்டி, அதன் முன்னால் ஆயுளுக்கும் அதே கிட் லென்ஸை மாட்டி வைத்திருப்பவர்களை நிறைய பார்க்கிறேன். பாடி நாலு வருஷத்தில் பழசாகும். நல்ல லென்ஸ் பதினைந்து வருஷம் உழைக்கும்.

ஆனால் அந்த மூணு பங்கை முதல் நாளே செலவழிக்காதீங்க. மூணு மாசம் கிட் லென்ஸிலேயே எடுங்க. பிறகு உங்களுக்குப் பிடித்த ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் டீட்டெய்ல்ஸைத் திறந்து, எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று ஒரு பேப்பரில் எழுதுங்க. இதுதான் உங்கள் பிளட் ரிப்போர்ட்.

எல்லாம் 18 மி.மீ. பக்கமே குவிந்திருந்தால் உங்களுக்கு வைட் ஆங்கிள் பிடிக்கிறது. 30-லிருந்து 50-க்குள் இருந்தால் உங்களுக்கு மனுஷங்க பிடிக்கிறது. எல்லாம் 55-லேயே முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு இன்னும் தூரம் போகணும், டெலி லென்ஸ் வேணும். ரிப்போர்ட் சொல்வதை வாங்குங்க, யூடியூபர் சொல்வதை அல்ல.

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களின் இரண்டாவது லென்ஸ் ஒரு சின்ன பிரைம் லென்ஸ். ஜூம் கிடையாது, ஓட்டை பெரிசு. 50 மி.மீ. எஃப்/1.8 இதில் பிரபலம். கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டால் எஃப்/1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப் லைட் வெளிச்சத்தில் 1/30 நொடியில் ஆடிப்போன படம் 1/250 நொடியில் நறுக்கென்று வரும். "லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே" என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது.

ஏபிஎஸ்-சி பாடியில் 50 மி.மீ. என்பது 75, 80 மி.மீ. மாதிரி நெருக்கிக் காட்டும். முகம் எடுக்க அழகு. ஆனால் சின்ன ஹாலில் சுவரில் முதுகு இடிக்கும். நம் வீடுகளின் அளவுக்கு 35 மி.மீ. அல்லது 30 மி.மீ. இன்னும் வசதி. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு 35 மி.மீ. எஃப்/1.8 இருக்கு. மிரர்லெஸ்ஸுக்கு சிக்மாவின் 30 மி.மீ. எஃப்/1.4 இருக்கு.

இந்த லென்ஸை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தொழில் காரணமாகத் துக்க வீடுகளுக்கு அடிக்கடி போகிறேன். மாலை போட்டிருக்கும் படத்தைப் பார்ப்பேன். பல வீடுகளில் அது ஆதார் அட்டையிலிருந்து பெரிசு பண்ணிய படம். ஐம்பது வருஷம் அந்த வீட்டை நடத்திய ஒரு அம்மாவுக்கு, சிரிக்காத, மங்கலான, காது ரெண்டும் தெரியணும் என்று யாரோ அதட்டி எடுத்த ஒரு படம். அந்த வீட்டில் நாலு ஸ்மார்ட்போன் இருக்கும். அதில் ஆயிரக்கணக்கில் செல்ஃபியும் இருக்கும். அம்மா மட்டும் எதிலும் இருக்க மாட்டார். அவர் அடுப்படியில் இருந்திருப்பார்.

பறவைப் பிரியர்களுக்கு: 55-250 அல்லது 70-300 வகை போதும், ஆரம்பத்துக்கு. ஏபிஎஸ்-சியில் 300 மி.மீ. என்பது 450 மி.மீ. மாதிரி. எங்க பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். அங்கே இந்த லென்ஸே ராஜா. கூட்டுக்கு ரொம்பக் கிட்டே போகாதீங்க. தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும். ஒரு படத்துக்கு அது அதிக விலை.

பராமரிப்பு. கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் லென்ஸுக்கு எமன் ஈரப்பதம். துணிப் பையில் போட்டு பீரோவில் பூட்டினால் ஃபங்கஸுக்கு விருந்து. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். அரிசியில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசிதான் உள்ளே போகும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. முழங்கால் மூட்டுக்குச் சொல்வதையே லென்ஸுக்கும் சொல்கிறேன்.

நாற்பது தாண்டியவர்களுக்கு: வியூஃபைண்டரில் பார்த்தால் எல்லாம் கலங்கலாக இருக்கா? கேமரா கெட்டுப்போகவில்லை. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதுதான் டயாப்டர். உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும் வரை திருப்புங்க. மிக மலிவான சில மாடல்களில் இது இருக்காது. கண்ணாடி போடுபவர்கள் கடையிலேயே பார்த்து வாங்குங்க.

இனி டாக்டராக இரண்டு விஷயம். இதற்காகவாவது இந்த த்ரெட்டைப் பகிருங்க.

ஒன்று: டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் வழியாக, அதுவும் டெலி லென்ஸ் மாட்டி, சூரியனைப் பார்க்கவே கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் கங்கணக் கிரகணம் தெரிந்தபோது ஆளாளுக்குக் கேமராவோடு மாடி ஏறினார்கள். அதற்கென்றே உள்ள ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் போடாமல் பார்த்தால் விழித்திரை பொசுங்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்க்கும் இடத்தின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும்போதுதான் விஷயம் புரியும். மிரர்லெஸ்ஸில் கண் தப்பிக்கும், சென்சார் தப்பிக்காது.

இரண்டு: குழந்தைகளை ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது கண் சிவப்பாகத் தெரியும். அது விழித்திரையின் ரத்த ஓட்டத்திலிருந்து திரும்பி வரும் வெளிச்சம், இயல்பானது. ஒரு கண் சிவப்பாகவும் இன்னொரு கண் வெள்ளையாகவும் வந்தால் கவனியுங்க. கேமரா கோணத்தாலும் சில சமயம் அப்படி வரும். ஆனால் பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இது அரிது. வந்தால் பெரும்பாலும் ஐந்து வயசுக்குள் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல குழந்தைகளுக்குப் பார்வையையும் காப்பாற்றலாம்.

பல குழந்தைகளுக்கு இதை முதலில் கண்டுபிடிப்பது டாக்டர் அல்ல, வீட்டில் எடுத்த போட்டோதான். அதனால் கேமராவிலும் போனிலும் "ரெட் ஐ ரிமூவல்" இருந்தால் அணைத்து வையுங்க. அது சிவப்பை அழித்து, நமக்குத் தெரியவேண்டிய வித்தியாசத்தையும் மறைத்துவிடலாம். வெள்ளையாகத் தெரிந்தால் பயந்து கூகுள் பண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்க. பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குச் சிகிச்சை இருக்கு.

கடைசியாக, இஎம்ஐ. பொழுதுபோக்குக்கு வட்டி கட்டாதீங்க. மாசம் மாசம் உறுத்தும் பொருளை ஆசையோடு கையில் எடுக்க முடியாது. ஆறு மாசம் சேருங்க. அதுவரை போனிலேயே ஜன்னலோர வெளிச்சத்தில் முகம் எடுத்துப் பழகுங்க. ஆறு மாசம் கழித்தும் ஆசை இருந்தால் அது நிஜ ஆசை. வாங்குங்க.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க. "சார், எது பெஸ்ட்?" என்று மட்டும் வேண்டாம். பட்ஜெட் எவ்வளவு, எதை எடுக்க ஆசை, இரண்டையும் எழுதுங்க. ஓபி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன்.