சிறையில் எண்ணிய புள்ளிகள்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 55 கிலோமீட்டர் போனால், தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீ சிட்டி. நேற்றுவரை சித்தூர் கணக்கில் இருந்து, 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு வந்த தொழில் நகரம். சாக்லெட், ஏசி என்று பலதும் இங்கே தயாராகின்றன. சென்னை மெட்ரோ ரயிலின் பெட்டிகள் பல இங்கிருந்து போனவைதான்.

அந்த ரயிலில் ஏற, செல்போனில் வரும் க்யூஆர் கட்டத்தை வாசலில் காட்டினால் போதும். கட்டத்தின் ஒரு சிறு பகுதி தெளிவில்லாமல் இருந்தாலும் கதவு திறந்துவிடும். தெரியாமல் போன பகுதியில் என்ன இருந்திருக்கும் என்று இயந்திரம் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்கிறது. அது போடும் கணக்கு விசித்திரமானது. அந்த உலகத்தில் மொத்தமே 256 எண்கள்தான். கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அந்த 256க்குள்ளேயே வந்து விழும். பூஜ்யத்தைத் தவிர எதனாலும் வகுக்கலாம். கணிதக்காரர்கள் இதை முடிவுறு புலம் என்கிறார்கள்.

பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நாள் பார்க்கும் வழக்கமுள்ள எல்லோருக்கும் ஒரு முடிவுறு புலம் பழக்கம்தான். ஞாயிறை 0 என்று வைத்து, சனியை 6 என்று வைத்தால், எத்தனை நாள் கூட்டினாலும் ஏழு கிழமைக்குள்தான் சுற்ற வேண்டும். இங்கே 8 என்றால் 1. 9 என்றால் 2.

இந்த ஏழெண் உலகத்தில் ஒரு கேள்வி. ஓர் எண்ணின் வர்க்கம், இன்னோர் எண்ணின் கனத்தைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். எத்தனை ஜோடிகள் தேறும்? மொத்தம் 49 ஜோடிகள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் 11 தேறும். முடிவிலியில் இருப்பதாகக் கொள்ளும் ஒன்றையும் சேர்த்தால் 12. இந்தப் பன்னிரண்டும் அந்தச் சமன்பாடு வரையும் வளைவரையின் புள்ளிகள். வழுவழுப்பான கோடு எதுவும் இங்கே கிடையாது. கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போல, தனித்தனியாகக் கிடக்கும்.

கோலத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அதே கோலமாகத் தெரிவதுபோல, இந்தப் புள்ளிகளுக்கும் ஒரு திருப்பம் உண்டு. கனமாக்கும் எண்ணை இரட்டித்துப் பாருங்கள். இரண்டின் கனம் 8. கிழமைக் கணக்கில் அது 1. ஆகவே சமன்பாடு அசையாது. மூன்று முறை இரட்டித்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வர்க்கமாக்கும் எண்ணின் குறியை மாற்றினாலும் சமன்பாடு அப்படியேதான் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஆறு சமச்சீர்கள். இவை பன்னிரண்டு புள்ளிகளையும் நான்கு குடும்பங்களாகப் பிரிக்கின்றன: ஆறு பேர், மூன்று பேர், இரண்டு பேர், தனியாள் ஒருவர். குடும்பத்தில் ஒருவரைத் தெரிந்தால் மற்றவர்களைத் தேட வேண்டியதில்லை. வளைவரை மீது ஒரு குலம் செயல்படுவது என்றால் இதுதான்.

ஏழெண் உலகத்தை 49 எண், 343 எண் என்று விரித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளிகள் என்ற முடிவில்லாத பட்டியலை ஒரே சூத்திரத்தில் மடித்து வைப்பது ஜீட்டா சார்பு. சமச்சீர்கள் புள்ளிகளைக் குடும்பமாகப் பிரிப்பதோடு நிற்பதில்லை. இந்தச் சார்பையும் காரணிகளாகப் பிரித்துத் தருகின்றன. அந்தக் காரணிகள்தான் எல் சார்புகள்.

இத்தனைக்கும் பின்னால் இருக்கும் பெரிய கேள்வி: புள்ளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா? ஏழெண் உலகில் ஒரு நேர்கோட்டுக்கு 8 புள்ளிகள். நம் வளைவரைக்கு 12. வித்தியாசம் 4. ஏழின் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்கு, அதாவது ஐந்தும் சொச்சமும், அதைத் தாண்டவே முடியாது. இந்த வகை வளைவரைகளுக்கு 1933இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸே இதை நிரூபித்தார். எவ்வளவு சிக்கலான வளைவரையானாலும் இப்படியொரு வரம்பு உண்டு என்று காட்டியவர் பிரான்ஸின் ஆந்த்ரே வெய். ஆண்டு 1940. இடம், ரூவான் நகரச் சிறைச்சாலை. போர்க்காலத்தில் ராணுவப் பணிக்கு ஆஜராகவில்லை என்பது அவர் மீதிருந்த குற்றம்.

அந்தச் சிறைக்கொட்டடியில் ஒரு தமிழர் நினைவும் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், 23 வயதில், வெய் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அங்கே அவருக்கு நெருங்கிய நண்பரானவர் டி. விஜயராகவன். 1902இல் பிறந்தவர், சமஸ்கிருதமும் தமிழும் நன்கு அறிந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் பயின்றவர். பிற்பாடு வெய் பதவி நீக்கப்பட்டபோது, அதை ஏற்க மனமில்லாமல் தன் வேலையையும் விட்டு டாக்கா போய்விட்டார்.

ஆறு மாதமோ ஒரு வருஷமோ தன்னைச் சிறையில் போட்டால் ரீமான் கருதுகோளை நிரூபித்துவிடுவேன் என்று விஜயராகவன் சொல்வாராம். வெய் தன் மனைவிக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை நினைவுகூர்ந்து, நண்பருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்கிறார். வெய்க்குக் கிடைத்தது. அவர் அங்கே நிரூபித்ததும் ரீமான் கருதுகோளின் தம்பிதான். முடிவுறு புலத்தில் பிறந்த தம்பி. அண்ணன் இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

தம்பியின் வம்சம் தழைத்தது. 1949இல் வெய் தன் முடிவைப் பெரிய பரிமாணங்களுக்கு விரித்துச் சில ஊகங்களை வெளியிட்டார். பெல்ஜியத்தின் பியர் டெலீன் 1974இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றில் கடைசியானது நிரூபணமாயிற்று. அதோடு, 1916இல் ராமானுஜன் சொல்லிவிட்டுப் போன ஓர் ஊகமும் தீர்ந்தது.

பலன் தொழிலுக்கும் வந்தது. க்யூஆர் கட்டத்தின் பிழைதிருத்தம் நேர்கோட்டுக் கணக்கு. 256 எண் உலகில் நேர்கோட்டுக்கு 257 புள்ளிகளே. 1981இல் சோவியத் கணிதர் கோப்பா, நேர்கோட்டுக்குப் பதில் வளைவரைகளை வைத்தும் பிழைதிருத்தலாம் என்று வழி காட்டினார். அதே 256க்குள் ஹெர்மீட் வளைவரைக்கு 4,097 புள்ளிகள். வெய்யின் வரம்பை அது சரியாகத் தொட்டு நிற்கிறது. அதற்கு மேல் ஒன்றுகூடச் சேராது. சமச்சீர்கள் ஏராளமாக வாய்த்திருப்பதற்கும் அது பெயர் பெற்றது.

விஜயராகவனுக்குக் கிடைத்த பதவிகள் குறைவல்ல. அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய ராமானுஜன் கணித நிலையத்தின் முதல் இயக்குநர் அவர். 1955இல், 52 வயதில் காலமானார். ஒருவகை எண்களுக்கு உலகம் இன்றும் பிஸோ–விஜயராகவன் எண்கள் என்றே பெயர் சொல்கிறது. ஆனாலும் யாரும் கதவைத் தட்டாத ஆறு மாதத்துக்கு அவர் ஏங்கியிருக்கிறார். வேடிக்கையாகச் சொன்னதாகவே இருக்கட்டும். பாடம் நடத்தி, தாள் திருத்தி, கூட்டத்தில் உட்கார்ந்து பொழுது போக்கிய எந்த ஆசிரியருக்கும் அதன் அர்த்தம் புரியும்.

ஸ்ரீ சிட்டியில் இன்று தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு ஐஐஐடியும் க்ரியா பல்கலைக்கழகமும் நடக்கின்றன. ஷிஃப்டுக்கு எத்தனை பெட்டி என்று எண்ணத் தெரிந்த ஊர் அது. எதற்கு என்று கேட்காமல் ஒருவரைப் புள்ளி எண்ண விடுவது வேறு சமாச்சாரம். அதற்கு இடம் கொடுக்க ஒரு நாட்டுக்குச் சிறைச்சாலைதான் வேண்டும் என்றில்லை.