மை தாங்கும் அட்டை

நல்ல அட்டை எது என்பதைக் கண்ணுக்கு முன்பே நிப்பு சொல்லிவிடும். சாதாரண டிராயிங் ஷீட்டில் நிப்பை மேல்நோக்கித் தள்ளினால் முனை நாரில் சிக்கும். பறித்த நாரோடு அடுத்த கோட்டில் மையைத் தெறிக்கவிடும். கோட்டின் ஓரம் முள்முள்ளாய்க் கசியும். அதே நிப்பு பிரிஸ்டல் போர்டில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓடும், ஓரம் சுத்தமாக நிற்கும். பேனா ஓவியம் பழகுகிறவர்களில் பலர் தங்கள் கை சரியில்லை என்று நினைத்து மனம் வாடுகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தத் தாளில் வரைகிறாய் என்பதுதான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பெயரைத் தாங்கிய இந்த அட்டை, அதன் பழைய முறையில், ஒரே தாள் அல்ல. தாள்களைப் பசை தடவி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, உலர்த்துகிறார்கள். இரண்டு ஒட்டினால் டூ-ப்ளை, மூன்று ஒட்டினால் த்ரீ-ப்ளை. நல்ல முகங்கள் வெளியே வரும்படி ஒட்டுவதால் இரண்டு பக்கமும் வரையலாம். ஜெராக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் இருக்கும். பிரிஸ்டல் பெரும்பாலும் 250, 270 கிராம். ஆனால் கனம் இருந்துவிட்டால் மட்டும் போதாது. அழைப்பிதழ் அச்சடிக்கும் ஆர்ட் கார்டும் கனமானதுதான். அதன் பளபளப்புப் பூச்சின் மேல் மை ஊறாமல் தேங்கும், சுரண்டினால் பூச்சே உரிந்து வரும். பிரிஸ்டலில் மை மேலாக ஊறுகிறது, ஆனால் பக்கவாட்டில் ஓடுவதில்லை. தாள் செய்யும்போதே சேர்க்கும் சைசிங் நார்களுக்குள் ஈரம் புகுவதை மட்டுப்படுத்துவதால் வரும் குணம் இது.

இதில் இரண்டு வகை உண்டு. உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கியது பிளேட். சற்றே சொரசொரப்பு விட்டு வைத்தது வெல்லம் (vellum). மெல்லிய நிப்புக்கும் டெக்னிக்கல் பேனாவுக்கும் பிளேட் நல்லது. எனக்குப் பிடித்தது வெல்லம்தான். மை வற்றிய பிரஷை அதில் வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் கருமை படிந்து, கூந்தலுக்கும் மரப்பட்டைக்கும் வேண்டிய உடைந்த கோடு தானாகக் கிடைக்கும். ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ சித்திரத் தொடரை வரைந்த பில் வாட்டர்சன் ஸ்ட்ராத்மோர் பிரிஸ்டலில் சிறிய சேபிள் பிரஷும் இந்திய மையும் கொண்டுதான் வேலை செய்தார். அவருடைய மரங்களையும் பனியையும் பார்க்கும்போது அந்த அட்டையின் பங்கு எனக்குத் தெரிகிறது.

ஆனால் கனத்த அட்டையின் பெரிய கொடை வேறு. அது திருத்தத்தைத் தாங்கும். எத்தனை முறை ரப்பரால் அழித்தாலும் மெல்லிய தாளைப் போல் கசங்காது. காய்ந்த மையைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம்; வெள்ளை பூசி அதன் மேல் முகத்தை மறுபடி வரையலாம். தாள் கிழியுமோ என்ற பயம் போனால்தான் கை துணிந்து மாற்றுகிறது. அந்த மாற்றங்களின் தடயம் அட்டையிலேயே தங்கும். அச்சுக்கு வரைந்த அந்தக் கால ஓவியர்கள் வெளிர்நீலப் பென்சிலில் ஆரம்பக் கோடுகளைப் போட்டார்கள். அச்சுக்கூடக் கேமராவின் பிலிமில் அந்த நீலம் விழாது. அதனால் அச்சில் நாம் பார்ப்பது முடிவை மட்டுமே. முதலில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது ஒரு தலை, கை எங்கே இருந்து எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் அசல் அட்டையில் மட்டும்தான் இருக்கின்றன. ஓவியன் யோசித்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

அதனால்தான் அசல்கள் தொலைவது என்னை வதைக்கிறது. அமெரிக்கக் காமிக்ஸ் உலகில் நீண்ட காலம் அசல் பக்கங்கள் வரைந்தவரிடம் திரும்பவில்லை. 1970களில்தான் திருப்பித் தருவது வழக்கமாயிற்று. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸை ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கிய ஜாக் கிர்பி, தன் பக்கங்களுக்காக மார்வெல் நிறுவனத்துடன் 1980களில் போராட வேண்டியிருந்தது. 1987இல் அவர் கைக்கு வந்தது அவர் அங்கு வரைந்தவற்றில் ஒரு பகுதியே. ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரைந்த மனிதர், தன் கைப்பட்ட அட்டைகளை வயதான காலத்தில் கேட்டு வாங்கும் நிலை. அதை நியாயம் என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

கைக்கு வந்த அசலைக் காப்பதும் எளிதல்ல, அதுவும் நம் கடற்கரை ஊர்களில். ஈரக்காற்றில் நார் உப்பி அட்டை வளையும். மாவுப்பசையும் சைசிங்கும் இராமபாணப் பூச்சிக்குத் தீனி. மரக்கூழில் செய்த மலிவு அட்டை, அமிலமும் லிக்னினும் நீங்காமல் இருந்தால், வெளிச்சம் பட்டுப் பழுத்துப் பொடியும். பருத்தி நாரில் செய்தது நெடுங்காலம் நிற்கும். விலைதான் மலைக்க வைக்கிறது. பழகுவதற்குக் கார்ட்ரிட்ஜ் தாள் போதும். வைத்துக்கொள்ளப் போகும் ஓவியத்துக்குப் பருத்தி அட்டை ஒன்று வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள் என்று இளையவர்களிடம் சொல்கிறேன். வரைந்ததைச் சுருட்ட வேண்டாம், அமிலம் நீக்கிய தாளை நடுவே வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். பின்பக்கத்தில் தேதியையும், எந்தக் கதைக்கு வரைந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பென்சிலால், அழுத்தாமல். பேனா மை ஈரம் பட்டால் ஊறும். அழுத்தினால் முன்பக்கம் தழும்பு தெரியும்.