லூஸ்பேர்க் குன்றும் வோக்மனும்

ஆஹென் நகருக்கு வடக்கே லூஸ்பேர்க் என்றொரு குன்று உண்டு. உயரம் 264 மீற்றர்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுபவர்களை இங்கே காலையில் காணலாம்.

அப்படிப் பாட்டோடு திரியலாம் என்று முதலில் நினைத்தவர்களில் ஒருவர் இந்த ஊரில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்திரேயாஸ் பாவெல், பிறந்தது 1945இல். சிறுவயதிலேயே பிரேசிலுக்குப் போய்விட்டார். 1972 பெப்ரவரியில் சுவிஸ் மலைக்காட்டில், பனி கொட்டக் கொட்ட, சிறிய ஒலிநாடாக் கருவியில் பாட்டுக் கேட்டார். கம்பனிகளிடம் கொண்டுபோனார், இதைக் காதில் மாட்டிக்கொண்டு வெளியில் யார் திரிவார்கள் என்று கைவிரித்தார்கள். 1977இல் இத்தாலியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1979இல் சோனியின் வோக்மன் கடைக்கு வந்தது. பிறகு வழக்குத்தான். 1996இல் லண்டனில் மேன்முறையீட்டிலும் தோற்றார். ஆள் விடவில்லை, 2003இல் சோனி சமரசத்துக்கு வந்தது.

எனக்கு வோக்மன் வேறு காரியத்துக்கு உதவியது. முகாமில் ஓர் அறைக்குள் நாலு பேர். ஊரிலிருந்து அம்மா கதைத்து அனுப்பிய ஒலிநாடாவை எல்லோருக்கும் முன்னால் போட்டுக் கேட்க முடியுமா? இந்தக் குன்றில் ஓடியபடி கேட்பேன். முகம் நனைந்திருந்தால் வியர்வை என்றுதான் நினைப்பார்கள்.

புதிதாக வந்தவர்களே, அறைக்குள் முடங்கிக் கிடக்காதீர்கள். இப்போது கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கிறது. சப்பாத்து மட்டும் நல்லதாக வாங்குங்கள், மழைக்குப் பின் பாதை வழுக்கும். ஒரு காதைத் திறந்து வையுங்கள். பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்கவேண்டும்.