எண் ஒன்று, வீடு இரண்டு

செங்கற்சூளைகளால் பெயர் பெற்றது பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்தது, 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் உயர்மாடிகளின் ஊராயிற்று. துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகள் ஓய்ந்து அறியாதவை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அவையும் ஓய்ந்தன. கொரோனாத் தொற்றைத் தடுக்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

அச்சாலைக்குப் பின்புறம் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருந்த கணக்கர் அம்மையார் ஒருவருக்குக் கிள்ளானில் அலுவலகம். நாள்தோறும் கொமுட்டர் இரயிலில் சென்று வந்தவர். லாரிப் போக்குவரத்து நிறுவனம் அது. உணவுப் பொருள் ஏற்றிய லாரிகள் அந்நாளிலும் ஓடின. ஓட்டுநர்களின் சம்பளப் பட்டியலோ அலுவலகச் சர்வரில், பகிர்வுக் கோப்புறை ஒன்றினுள் கிடந்தது. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் ஊதியம் வழங்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். சட்டம் இருக்கட்டும்; ஓட்டுநர் வீட்டு அரிசிப்பானை அதற்கு முன்பே கேட்டுவிடும்.

கோப்புறையை நேரே இணையத்தில் திறந்து வைத்தால் ஆகாதா என்று கேட்பாரும் உண்டு. ஆகாது. கோப்புப் பகிர்வு நிகழும் 445ஆம் வாயில் வழியாகவே 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் தத்தளித்தன. ஆகவேதான் வி.பி.என். வேண்டியிருந்தது. பொது இணையத்தினூடே, பிறர் படிக்கவியலாதபடி மறைத்து அமைத்த சுரங்கவழி என அதனைக் கொள்ளலாம்.

சுரங்கம் திறந்தது. ‘இணைக்கப்பட்டது’ என்று திரை சொல்லிற்று. கோப்புறை மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாள் கடவுச்சொல்லையே மாற்றி மாற்றித் தட்டிய பின்னர், அம்மையார் கணினி பார்க்கும் இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, வீட்டு ரவுட்டரின் எண் எப்படித் தொடங்குகிறது?”

“192.168.1, தம்பி.”

“அலுவலகத்திலும் அதேதான் அக்கா. அங்கேதான் சிக்கல்.”

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு தோட்டத்து லயத்திலும் பத்தாம் எண் வீடு உண்டு. வெளியூர்த் தோட்டத்துப் பத்தாம் வீட்டுக்கென எழுதிய கடிதத்தில் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டால், அது தன் லயத்துப் பத்தாம் வீட்டிற்கே போய்ச் சேரும். தனி வலையங்களுக்கென 1996இல் வரையறுக்கப்பட்ட எண்களை எவரும் கேட்காமலே வைத்துக்கொள்ளலாம். ரவுட்டர் செய்வோர் பலரும் ஒரே எண்ணை இட்டு அனுப்பிவிடுகின்றனர். சர்வரின் எண் 192.168.1.10. அம்மையாரின் கணினி அவ்வெண்ணைச் சுரங்கத்தில் தேடவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே தேடிற்று. அங்கே அவ்வெண்ணில் இருந்தது கூடத்துத் தொலைக்காட்சி! சம்பளப் பட்டியலைத் தொலைக்காட்சியிடம் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்.

வீட்டு எண்ணை 192.168.50 என்று மாற்றியதும் வழி பிறந்தது. ஆனாலும் சர்வரைப் பெயர் சொல்லி அழைத்தால் விடையில்லை. அலுவலகச் சுவர்களுக்குள் கூவி அறியப்படும் பெயர் சுரங்கத்தைக் கடந்து வருவதில்லை. எண்ணைக் கொண்டே அழைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த இடர் வேகம். ஒரு கோப்பைத் திறக்கக் கணினி சர்வரிடம் எத்தனையோ முறை கேட்டுக் கேட்டு விடை பெற வேண்டும். அலுவலகத்தில் கண் இமைக்கும் பொழுதில் முடிவது சுரங்கத்தில் நிமிடங்களை விழுங்கிற்று. அம்மையார் பட்டியலைத் தம் கணினிக்குப் படியெடுத்து வேலை செய்தார். ஷா ஆலாமில் இருந்த உடன்பணியாளரும் அவ்வாறே செய்தார். சர்வரிலேயே திறந்திருந்தால் ஒருவர் எழுதும்போது மற்றவரைப் பூட்டுத் தடுத்திருக்கும். படிக்கு ஏது பூட்டு? அம்மையார் திருப்பி வைத்த படி, அவர் அன்று காலை வைத்ததன்மேல் அமர்ந்தது. நான்கு ஓட்டுநர்களின் மிகைநேரக் கணக்கு மறைந்துபோயிற்று.

“அம்மா, நான் எழுதியதைக் காணோமே!” என்று அவர் பதறியபோது மார்ச் 30ஆம் நாள் மாலை. பயணச் சீட்டுகளை அவர் கைப்பேசியில் படமெடுத்து அனுப்ப, இரவில் அமர்ந்து நான்கு பெயர்களுக்கும் மீண்டும் எழுதினார் அம்மையார். அன்றுமுதல் நண்பகல்வரை அவருக்கு, பின்னர் இவருக்கு எனக் கோப்பைப் பகுத்துக்கொண்டனர்.

மறுநாள் சம்பளக் கோப்பு வங்கிக்குச் சென்றது. தொலைக்காட்சிக்குப் புதிய எண் கொடுக்கத்தான் ஒருவருக்கும் நினைவில்லை. பிள்ளைகள் வந்து கேட்ட பிறகே அதனையும் மாற்றினார்.